நாற்றுமுடி பறக்கும்போது

சாலவாக்கத்துக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டி, கிறிஸ்தவர்கள் குடியிருக்கும் வேதக்காரத் தெரு. அந்தத் தெருவில், வேதக்கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை ஏசடியானுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் பாக்கியமேரி. திருமுக்கூடலில் கட்டிக்கொடுத்து, புருஷன் காலராவில் போனபின் மகனைத் தூக்கிக்கொண்டு பிறந்த தெருவுக்கே திரும்பி வந்தவள். நடுப்பிள்ளை வாலாஜாபாத்தில் ரயில் பாதை வேலைக்குப் போய், அங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டான். கடைக்குட்டி தானியேல். சொல்ல வந்தது இந்தத் தானியேலைப் பற்றித்தான்.

ஏர் ஓட்டுவதிலோ வரப்பு அண்டை வெட்டுவதிலோ தானியேல் பெரிய ஆள் இல்லை. ஆனால் நடவு வந்துவிட்டால் அவனைத் தேடி ஆள் வரும். நாற்றங்காலில் பறித்த நாற்றைக் கைப்பிடி அளவாகச் சேர்த்துக் கட்டுவார்களே, அந்த முடியை வீசிப் போடுவதில் அவனுக்கு நிகர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. இருபது பெண்கள் சேற்றில் வரிசையாகக் குனிந்து பின்னுக்கு நகர்ந்துகொண்டே நடுவார்கள். ஒருத்தி கையில் நாற்று தீரப்போகிறது என்பது அவளுக்குத் தெரியும் முன்பே வரப்பில் நிற்கிற தானியேலுக்குத் தெரியும். வீசுவான். ஈரம் சொட்டச் சொட்டப் பறந்து போய், அவள் வலது கைக்கு ஒரு முழம் தள்ளி, வேர் கீழாக, சேறு தெறிக்காமல் போய் உட்காரும்.

நடவுக் கழனியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முடி பறக்கும்போது யார் பேரையும் சொல்லக் கூடாது. பேர் காதில் விழுந்தால் முகம் தன்னால் நிமிரும். அதனால் வீசுகிறவன் “முடி!” என்று ஒரே ஒரு குரல் கொடுப்பான். பெண்கள் மோவாயை நெஞ்சில் புதைத்து இன்னும் குனிவார்கள். தப்பித் தவறி மேலே விழுந்தாலும் முதுகில் விழும். “முதுவுல உயுந்தா சேறு, மூஞ்சில உயுந்தா பேஜாரு” என்று பாக்கியமேரி புதுப்பெண்களுக்குச் சொல்லி வைப்பாள்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் தையில் தானியேலுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் வேறு யாருமில்லை, தாய்மாமன் மகள்தான். மாமன் வேதகிரிக்குத் தென்னேரி. அவர் கடைசிவரைக்கும் ஞானஸ்நானம் வாங்காதவர். ஆனாலும் தங்கச்சி கேட்டுக்கொண்டாள் என்று மகளுக்கு மார்த்தாள் என்று பேர் வைத்தவர். தானியேல் சின்ன வயதில் லீவு லீவுக்குத் தென்னேரிக்குப் போய்விடுவான். ஏரியில் இந்தக் கரையில் நின்று அந்தக் கரைக்குக் கேட்கும்படி “மார்த்தா” என்று கூவுவான். அவளும் எங்கே இருந்தாலும் திரும்பிப் பார்ப்பாள். தாலி ஏறியபிறகு அப்படிக் கூப்பிட முடியுமா? பெண்டாட்டி பேரை நாலு பேர் நடுவில் சொல்லுகிற வழக்கம் அந்தத் தெருவில் இல்லை.

மாசியில் நடவு. கல்யாணம் ஆகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. மார்த்தாள் வரிசையில் நாலாவதாக நின்று நட்டுக்கொண்டிருந்தாள். உச்சிப் பொழுது. காலையிலிருந்து அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு தரம் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கை முடியை வீசிவிட்டது. வாய் “முடி” என்று சொல்வதற்குப் பதிலாக, “மார்த்தா!” என்றது.

தென்னேரிக் கரையில் திரும்பிப் பார்த்த மாதிரியே அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டுதான் நிமிர்ந்தாள். அந்த முடியின் வேருக்குள் உடைந்த நத்தை ஓடு ஒன்று சிக்கியிருந்தது.

அது அவள் இடது கண்ணில் பட்டது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். மாட்டு வண்டியில் உத்தரமேரூர், அங்கிருந்து பஸ்ஸில் செங்கல்பட்டு, பிறகு ரயிலேறிப் பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரி. இருபத்திரண்டு நாள் தானியேல் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தான். இடது கண் இருந்தது, பார்வை இல்லை.

வேதகிரி மாமன் வந்து பார்த்தார். மருமகனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “கை தவறிடிச்சி, இன்னா பண்றது” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தெருவிலும் கை தவறிவிட்டது என்றே பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு வரிசையில் நின்ற இருபது பெண்களுக்கும் தெரியும், தவறியது கை இல்லை. பாக்கியமேரி ஒவ்வொருத்தி வீட்டு வாசலிலும் போய் நின்று, “அந்தப் பேச்ச எடுத்தீங்க, அப்பால எங்கூட நட வராதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள். யாரும் எடுக்கவில்லை. மார்த்தாளும் எடுக்கவில்லை. அதுதான் தானியேலுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அவள் ஒரு நாள் வாய்விட்டுத் திட்டியிருந்தால் அவன் ஒரு நாள் அழுது தீர்த்திருப்பான்.

அதற்குப் பிறகு அவன் முடி வீசவில்லை. முதல் வருஷம் பண்ணைக் காரியக்காரர் வற்புறுத்தியபோது, இரண்டு கையிலும் முடிகளைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கி, ஒவ்வொருத்தி பக்கத்திலும் வைத்துவிட்டு வந்தான். பாதிக் கழனி முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் தாண்டவராயன் என்கிறவனை முடி வீச வரப்பில் ஏற்றினார்கள். தானியேல் நாற்றுப் பறிக்கப் போனான். முடி மட்டுமல்ல, எதையும் எறிவதையே விட்டுவிட்டான். கொல்லையில் காக்கை வந்தால் கல்லெடுத்து எறியமாட்டான், கையைத் தட்டுவான். மாங்காய் பறித்தால் கீழே நிற்கிறவரிடம் போடமாட்டான், மடியில் கட்டி இறக்குவான். பெண்டாட்டியை “இந்தா” என்றுதான் கூப்பிட்டான். மார்த்தாள் என்கிற பேர் அவன் வாயிலிருந்து வரவே இல்லை.

அவள் அடுத்த போகமே நடவுக்கு வந்துவிட்டாள். வரிசையில் இடது கோடியில் நிற்பாள், எல்லாரும் பார்வை இருக்கிற பக்கம் வரும்படி. தாண்டவராயன் “முடி!” என்றதும் மற்றவர்கள் குனிவார்கள். அவள் மட்டும் சேற்றில் குந்தி, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொள்வாள். கடைசி முடி விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் எழுந்திருப்பாள். அதுவரைக்கும் வரிசை அவளுக்காக நிற்கும். யாரும் முனகியதில்லை. பதினாலு வருஷம் இப்படியே போயிற்று.

அவர்களுக்கு மூன்று பிறந்து ஒன்றுதான் தங்கியது. யோனா. உத்தரமேரூர் ரோட்டில் இரண்டு மைல் நடந்தால் மிஷன் பள்ளிக்கூடம். அங்கே எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். ஓட்டத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் முன்பு இருந்த அமெரிக்கப் பாதிரியார் ஊருக்குத் திரும்பும்போது மூன்று தோல் பந்தையும் இரண்டு மட்டையையும் விட்டுவிட்டுப் போனார். பேஸ்பால் ஆட்டத்துக்கானவை. பீரோவில் கிடந்ததை எடுத்துத் தூசி தட்டினவர் புதிதாக வந்த டிரில் வாத்தியார் ஆராவமுதன். உத்தரமேரூர் கோயில் மாடவீதிக்காரர். பட்டணத்தில் டிரில் படிப்புப் படித்தபோது இந்த ஆட்டத்தைப் பார்த்திருந்தார். ஒருவன் எறிவான், ஒருவன் மட்டையால் அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி ஓடி வரவேண்டும். எறிந்த பந்து அடிக்கிறவன் மேல் பட்டுவிட்டால், அவன் அடிக்காமலேயே முதல் மூலைக்குப் போய் நின்றுகொள்ளலாம்.

யோனா வீட்டில் வந்து இதைச் சொன்னபோது பாக்கியமேரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“மேல அடி உயுந்தா ஒரு மூல ஓசியா? அப்போ உங்க ஐயிரு எங்களுக்குல்ல ஆட்டம் சொல்லிக் குடுக்கணும். நாங்க வாங்குன அடிக்கு நாலு மூலயும் சுத்திட்டு வூட்டுக்கே வந்திருப்போம்!”

அறுபத்திரண்டாம் வருஷம் ஆவணி. யோனா மட்டையோடு நின்றிருந்தான். எறிகிறவன் கையை ஓங்கினான். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பையன்கள் உற்சாகத்தில், “யோனா! டேய் யோனா! பாத்துடா!” என்று கத்தினார்கள். கூப்பிட்டது யார் என்று அவன் முகம் நிமிர்ந்து திரும்பியது. பந்து கன்னத்து எலும்பில் பட்டது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே.

வீட்டுக்கு வந்தபோது கன்னம் புடைத்துக் கண் இடுங்கிக் கிடந்தது. மார்த்தாள் கன்னத்தைத் தொடவில்லை. அவனுடைய நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடினாள். இன்னொரு கையை அவன் முன்னால் நீட்டினாள்.

“எத்தினி வெரலு?”

“மூணும்மா.”

“இப்போ?”

“ஒண்ணு.”

“இப்போ?”

“அஞ்சு. நல்லாத் தெரியுதும்மா. வுடு.”

அவள் கையை எடுத்துவிட்டு உள்ளே போய் அடுப்பின் முன் உட்கார்ந்தாள். தானியேல் வாசலில் நின்றபடியே கேட்டான்.

“எப்டிடா பட்டுது?”

“பசங்க பேர் சொல்லிக் கூப்டாங்க நைனா. நிமிந்துட்டேன்.”

தானியேல் சுவரில் கை வைத்துக்கொண்டான். உள்ளே சுள்ளி ஒடிகிற சத்தம் நின்றுபோயிற்று.

அதிலிருந்து யோனாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. எறிகிறவன் கை உயர்ந்தாலே கண்ணை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் தாவினான். அவனைப் பார்த்து மற்றப் பையன்களுக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு வாரம் கழித்து ஆராவமுதன் வாத்தியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேதக்காரத் தெருவுக்குள் வந்தார். மாடவீதி ஆள் ஒருவர் அந்தத் தெருவுக்குள் வந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. எங்கே உட்காருவது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்கே உட்காரச் சொல்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் வேதக்கோயில் படியில் உட்கார்ந்தார்.

“தானியேலு, புரட்டாசி கடைசி சனிக்கிழமை செங்கல்பட்டுப் பக்கத்துலேர்ந்து ஒரு ஸ்கூல் ஆட வரது. இங்கே பதினோரு பையன்களும் பந்தைப் பாத்தா முகத்தைத் திருப்பிண்டு ஓடறான்கள். இப்படிப் பயந்தாத்தான் அடி முகத்திலே படும். முதுகைக் குடுக்கத் தெரியணும். நானும் சொல்லிப் பாத்துட்டேன். நீ முடி போடறதுலே கெட்டிக்காரனாமே? உன் அக்காதான் சொன்னா. சேத்து முடியாலே மெத்துனு போட்டுப் போட்டுப் பழக்கினா பயம் தெளியாதோன்னு ஒரு யோசனை.”

தானியேல் பாக்கியமேரியைப் பார்த்தான். அவள் வேறெங்கோ பார்த்தாள்.

“நான் போடுறதில்ல சாமி. அத வுட்டு ரொம்ப வருசமாச்சு.”

“ஏன்?”

அவன் வீட்டுப் பக்கம் திரும்பினான். வீட்டு நிலைப்படியில் நின்ற மார்த்தாளை வாத்தியார் அப்போதுதான் பார்த்தார். முந்தானையை முகத்தின் இடப்பக்கம் இழுத்துவிட்டிருந்தாள். அவருக்கு ஏதோ புரிந்தமாதிரி எழுந்து, சைக்கிளைத் திருப்பினார்.

“போனாப் போறது. நான் கேட்டதைத் தப்பா எடுத்துக்காதே.”

“இருங்க சாமி” என்றாள் மார்த்தாள். “மொதலியாரு கயனியில மிச்ச நாத்து கெடக்குது. மாடு மேயத்தான் போவுது. சனிக்கெயம பசங்கள இட்டுக்கினு வாங்க. வேர நான் பாத்துக் கெயுவிக் குடுக்குறேன். இவரு போடுவாரு.”

“நான் எப்போ சொன்னேன் போடுறேன்னு?” என்றான் தானியேல்.

அவள் அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “எம் புள்ளைக்கு ரெண்டு கண்ணும் வோணும்.”

அந்த வாரம் முழுதும் தானியேல் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் நாஷ்டாவுக்கு வைத்த கூழ் அப்படியே இருக்கும். எறிந்தால் எங்கே போய் விழுமோ என்ற பயம் அவனுக்கு. பந்துக்குப் பயந்த பதினோரு பையன்களையும் சேர்த்து வைத்தால்கூட அவன் பயத்துக்கு ஈடாகாது. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் சொல்லிவிட்டு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

சனிக்கிழமை வந்தது. பள்ளிக்கூட மைதானத்தை ஒட்டிய தரிசில் பையன்கள் வரிசையாக நின்றார்கள். மார்த்தாள் வாய்க்கால் ஓரம் குந்தி, ஒவ்வொரு முடியாக எடுத்துத் தண்ணீரில் அலசினாள். அலசியபின் வேருக்குள் விரலை விட்டுக் கடைசி வரைக்கும் தடவிப் பார்த்தாள். ஒரு கூழாங்கல் அகப்பட்டது. இரண்டு நத்தை ஓடு அகப்பட்டது. அவற்றைத் தூர எறியாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

தானியேல் முதல் முடியைக் கையில் எடுத்தான். எதிரே இருபது அடியில் ஒரு பையன் மட்டையோடு நின்றான். தானியேல் கையை ஓங்கினான். கை அங்கேயே நின்றது. இறக்கினான். மறுபடி ஓங்கினான். பிறகு மெல்ல நடந்து போய், முடியை அந்தப் பையன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

பையன்கள் சிரித்துவிட்டார்கள்.

“இன்னாபா இது, வெத்தல பாக்கா குடுக்குற?”

“அடுத்த தரம் சந்தனமும் எடுத்துக்கினு வா!”

யோனா தலையைக் குனிந்துகொண்டான். வாத்தியார் “சீ, சும்மா இருங்கடா” என்று அதட்டினார். தானியேல் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

மார்த்தாள் வாய்க்காலிலிருந்து எழுந்து வந்தாள். அந்தப் பையனை நகர்த்திவிட்டு அவன் இடத்தில் நின்றாள். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். வெளுத்த கண் எல்லார் பார்வைக்கும் பட்டது. பையன்கள் சிரிப்பு அடங்கியது.

“எம்மேல போடு” என்றாள்.

“வேணாம்.”

“பேரு சொல்லிப் போடு.”

தானியேல் பையன்களைத் திரும்பிப் பார்த்தான். “பசங்க பாக்குறாங்க. வூட்டுக்குப் போலாம் வா.”

“பதினாலு வருசமா இந்தா, இந்தான்னு கூப்ட்டுக்கினு கீற. எங்கப்பன் வெச்ச பேரு இன்னாத்துக்கு? நீ சொன்னதால எனக்குக் கண்ணு போவல. நான் நிமிந்ததால போச்சு. இப்போ சொல்லு. நிமிர மாட்டேன்.”

“ஏதாச்சும் ஆயிடிச்சின்னா?”

“வேர நாந்தான பாத்தேன்.”

அவள் சேற்றில் நிற்கிற மாதிரி கால்களை அகட்டி, மோவாயை நெஞ்சில் புதைத்து, வலது தோளை உள்ளே திருப்பி முதுகைக் காட்டி நின்றாள். தானியேல் முடியை எடுத்தான். அதன் வேரைத் தானும் ஒரு தரம் தடவினான். வாத்தியார் அந்தப் பக்கம் பார்க்காமல் சைக்கிள் சங்கிலியைச் சரி பார்க்கிறவர்போலக் குனிந்துகொண்டார்.

“மார்த்தா!” என்றான்.

தென்னேரிக் கரையில் கூவின குரல் இல்லை அது. உடைந்து போன குரல். ஆனாலும் மைதானம் முழுக்கக் கேட்டது. முடி பறந்தது. அவள் நிமிரவில்லை. தோள்பட்டைக்குக் கீழே சொத்தென்று விழுந்து, சேற்றுத் தண்ணீர் ரவிக்கையில் வழிந்தது.

“இன்னொண்ணு” என்றாள் குனிந்தபடியே.

“மார்த்தா!”

இரண்டாவதும் முதுகில் விழுந்தது. மூன்றாவதும். மூன்றாவதுக்கு அவன் குரல் கொஞ்சம் நேராகியிருந்தது. அப்புறம்தான் அவள் நிமிர்ந்தாள். பையன்களைப் பார்த்துச் சொன்னாள்:

“பாத்தீங்களா? பேரு எனக்கு நல்லாக் கேட்டுது. யாரு கூப்ட்டாலும் நிமிராதீங்க. போடுறவன் கைய மட்டும் பாருங்க. காதால ஆடாதீங்க.”

வாய்க்காலுக்குப் போய் மறுபடி முடி அலச உட்கார்ந்துவிட்டாள். அவள் முதுகில் சேறு அப்படியே இருந்தது. கழுவிக்கொள்ளவில்லை.

யோனாதான் முதலில் வந்து நின்றான். ஒருவரும் கூப்பிடவில்லை.

அதன்பின் நாலு சனிக்கிழமை. நடவுப் பெண்கள் பறந்து வருகிற முடியைப் பார்க்கவே வேண்டாம், இந்தப் பிள்ளைகள் பந்தைப் பார்த்தே ஆகவேண்டும். அதுதான் தானியேலுக்கு முதலில் பிடிபடவில்லை. போகப் போகத் தெரிந்துகொண்டான். கையை விட்டு வெளியே வரும்வரைக்கும் பார், உன்மேல் வருகிறது என்று தெரிந்ததும் பின்னால் தாவாதே, மட்டையைத் தாழ்த்தி முதுகைக் கொடு. இவ்வளவுதான். இதைப் பதினோரு பேருக்கும் நூறு நூறு முறை முடியால் சொன்னான். முதுகெல்லாம் சேறாகிப் பையன்கள் வீட்டில் திட்டு வாங்கினார்கள். முடி வாடிப்போனபின் வைக்கோலை உருட்டி வாழைநாரால் கட்டி நனைத்துப் போட்டான். கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் வாத்தியார் தோல் பந்தை அவன் கையில் வைத்தார். கையில் உருட்டிப் பார்த்து, “இதுல அலச வேர் இல்லியே சாமி” என்றான். வாத்தியார் சிரித்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கத்துகிற பழக்கத்தைப் பையன்கள் விட்டிருந்தார்கள். யார் மேலாவது பந்து வருகிறதென்றால் ஓரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குரலில், “முடி!” என்பார்கள்.

ஆட்ட நாளில் வாத்தியாருக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை விரதம், பச்சைத் தண்ணீரோடு வெயிலில் நின்றார். தானியேலும் மார்த்தாளும் புளியமரத்தடியில் தள்ளி நின்றார்கள். எதிர் ஸ்கூல் பையன்கள் வளர்ந்தவர்கள். அவர்களில் எறிகிறவனுக்கு மீசை அரும்பியிருந்தது. பந்து வருகிற வேகத்தைப் பார்த்ததும் தானியேல் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டான். யோனா மட்டையோடு போய் நின்றபோது தானியேல் கண்ணை மூடிக்கொண்டான். திறக்க முடியவில்லை.

“முடி!” என்று பத்துப் பிள்ளைகள் கத்தினார்கள்.

அடி விழுந்த சத்தம் கேட்டது. தானியேல் கண்ணைத் திறக்கவில்லை.

“முதுவுலதான்” என்றாள் மார்த்தாள். அவள் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நெஜமா?”

“முதுவுலதான்யா. தோளுக்குக் கீய. கைய உதறுறான். மட்டையக் கீய வெச்சிட்டான். நடக்குறான்.”

“எங்க நடக்குறான்?”

“ஓசி மூலைக்கு.”

அப்போதுதான் தானியேல் கண்ணைத் திறந்தான். யோனா முதல் மூலையில் நின்று, தோளைத் தேய்த்துக்கொண்டே, அடுத்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஆட்டத்தில் தோற்றுத்தான் போனார்கள். நன்றாகவே தோற்றார்கள். ஆனால் ஒருவனும் பின்னால் தாவவில்லை. ‘முடி’ என்றால் என்ன அர்த்தம் என்று எதிர் ஸ்கூல் வாத்தியார் கேட்டாராம். ஆராவமுதன் வாத்தியார், “அது எங்க ஊர் இங்கிலீஷ்” என்றாராம். மறு வருஷம் அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. பந்துகள் தையல் பிரிந்தன. பேஸ்பால் அத்தோடு போயிற்று. யோனா பெரிய ஆட்டக்காரன் ஆகவில்லை. பிற்பாடு ஆவடியில் வேலைக்குப் போய், பாக்கியமேரி அத்தையின் பேத்தியையே கட்டி, நாலு பிள்ளைகளோடு இருந்தான். தானியேலும் மார்த்தாளும் கடைசிவரை அந்தத் தெருவிலேயே இருந்தார்கள்.

ஆட்டம் முடிந்து மூன்று மாதம் கழித்து, தையில், நவரைப் போக நடவு வந்தது. தாண்டவராயன் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டான். வரப்பில் முடிகள் குவிந்து கிடந்தன. கழனியில் பெண்கள் பாதிப்பேர் வெறுங்கையோடு நின்றார்கள். காரியக்காரர் ஆள் தேடி ஊருக்குள் போயிருந்தார்.

“நாத்து வாடுது” என்றாள் பாக்கியமேரி, யாரையும் குறிப்பிடாமல். “வரப்பு மேல மட்டும் ஆம்பள உருவுல ஒண்ணு நின்னுக்கினு கீது. சோளக்கொல்ல பொம்மயா இன்னான்னு தெரியல.”

பெண்கள் சிரித்தார்கள். தானியேல் நாற்றுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு வரப்பின் நடுவுக்கு வந்தான். ஒரு முடியை எடுத்தான். வேருக்குள் விரலை விட்டு நிதானமாகத் தடவினான்.

“முடி!” என்றான்.

முதல் முடி தூரம் எட்டாமல் விழுந்து பாக்கியமேரியின் புடவை முழுக்கச் சேற்றை அடித்தது. “பாவி, பதினாலு வருசத்துச் சேத்தையும் எம்மேலயே கொட்டுறியே!” என்று அவள் கத்தினாள். தானியேல் இரண்டாவதை எடுத்துத் தடவினான்.

இடது கோடியில் மார்த்தாள் கையில் இருந்த நாற்று தீரப்போனது. அவளுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்தது.

“முடி!”

எல்லாரும் குனிந்தார்கள். அவள் குந்தவில்லை. மற்றவர்களோடு மோவாயை நெஞ்சில் புதைத்து, முதுகைக் கொடுத்துக் குனிந்தாள். முடி ஈரம் சொட்டப் பறந்துபோய், அவள் வலது கைக்கு ஒரு முழம் தள்ளி, வேர் கீழாக உட்கார்ந்தது. அவள் நிமிர்ந்து பார்க்காமலேயே கையை நீட்டி எடுத்து, கட்டை அவிழ்த்து, நடத் தொடங்கினாள்.